போடப் போடப் பத்தாத மெமரி

உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். இப்போதெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் மக்கர் செய்தால், கையிலிருக்கும் போனில் தட்டிப் பார்க்கிறீர்கள். உலகத்தில் எங்கோ ஒருவருக்கு அதே கோளாறு வந்து, அவர் அழுது முடித்து, விடையையும் எழுதி வைத்திருக்கிறார். நாங்கள் அழுத காலத்தில் பக்கத்தில் வாடிக்கையாளர் மட்டும்தான் இருந்தார். அவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொல்லி உங்கள் மேலாளர் கேட்டார். நான் சாதித்தவற்றை எழுதினால் நீங்கள் இரண்டாவது பத்தியில் தூங்கிவிடுவீர்கள். அதனால் நான் முட்டாளாக நின்ற ஒரு நாளை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழிலுக்கு நான் பின்வாசல் வழியாக வந்தவள். எங்கள் வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் மில்லில் வேலை பார்த்தவர்கள். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் பில் எழுதவும் போன் எடுக்கவும்தான் என்னைச் சேர்த்தார்கள். அங்கிருந்த இன்ஜினியருக்குத் துபாயில் வேலை கிடைத்து, ஒரு வெள்ளிக்கிழமை அவர் விமானம் ஏறிவிட்டார். திங்கட்கிழமை நான் வந்து பார்த்தால், மூடி கழற்றிய நிலையில் ஆறு கம்ப்யூட்டர்கள். முதலாளி அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மூடியாவது மாட்டி வைக்கிறியாம்மா? தூசு பூந்துடப் போவுது" என்றார்.

அப்படித்தான் என் கையில் ஸ்க்ரூடிரைவர் வந்தது. மூடக் கற்றுக்கொண்டேன், பிறகுதான் திறக்கக் கற்றுக்கொண்டேன். மூன்று நான்கு வருஷத்தில் ஊர் முழுக்க ஸ்கூட்டியில் போய்ப் பழுது பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டேன். ஆனாலும் எந்த வாசலில் போய் நின்றாலும், என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஜினியரு பின்னால வர்றாராம்மா?" என்று கேட்பார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குள் ஒரு வீம்பு வளர்ந்திருந்தது. தெரியாது என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடக் கூடாது என்கிற வீம்பு. இந்தக் கதையில் உண்மையான கோளாறு அதுதான். மெமரி பிறகுதான் வருகிறது.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். கருவடிக்குப்பத்தில் அந்துவான் என்பவர் பிளெக்ஸ் பேனர் டிசைன் செய்யும் கடை வைத்திருந்தார். ஒற்றை ஷட்டர் அகலம். உள்ளே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். டிசைனைச் செய்து சிடியில் போட்டுக் கொடுப்பார். விழுப்புரம் சாலையில் இருந்த ஒரு பிரிண்டிங் யூனிட்டில் அதை அச்சடிப்பார்கள். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்த வீட்டிலிருந்து அந்துவானிடம் ஒட்டிக்கொண்ட ஒரே பிரெஞ்சுச் சொல் 'போன்'. சரி, நல்லது என்று பொருள். வேலையைத் தொடங்கும்போதும் 'போன்' என்பார், முடித்தாலும் 'போன்' என்பார்.

காலை பத்து மணிக்கு அவர் எங்கள் கடைக்குக் கூப்பிட்டார். "மேடம், ஒரு பேனரு பண்ணிட்டிருக்கேன். மிஷினு நவுர மாட்டேங்குது. மெமரி ஏத்தணும்."

ஐந்து வருஷத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் அது. மெமரி 256 எம்பி. இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனில் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது, சிரிக்காதீர்கள். அதில் ஓடிய இயங்குதளமோ அதைவிடப் பழையது. மாற்றச் சொன்னால் அந்துவான் மாற்ற மாட்டார். அவருடைய தமிழ் எழுத்துரு மென்பொருள் அந்தப் பழசில் மட்டும்தான் வேலை செய்யும். அது போனால் 'காதணி விழா' என்று எழுத முடியாது. 'காதணி விழா' என்று எழுத முடியாவிட்டால் அவருக்கு அந்தக் கடை எதற்கு?

512 எம்பி மெமரி ஸ்டிக் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். விரல் நீளத்துப் பச்சைப் பலகை, அவ்வளவுதான். போட்டுவிட்டுப் பதினைந்து நிமிடத்தில் திரும்பிவிடுவேன் என்று கடையில் சொல்லிவிட்டுப் போனேன்.

கடைக்குள் ஒருவர் மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். பெயர் கலியபெருமாள். பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலத்தையும் பார்த்துக்கொண்டு, டவுனில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலையும் பார்த்தார். மறுநாள் காலை வீராம்பட்டினத்தில், கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில், அவருடைய தங்கை பிள்ளைகள் இருவருக்கும் காதுகுத்து. தாய்மாமன் என்ற முறையில் வாசல் பேனர் அவர் பொறுப்பு. பையில் இருந்தவை அறுபது போட்டோக்கள். பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண குரூப் போட்டோவில் இருந்து வெட்டியெடுத்த தலை, கண்ணை மூடிய ஒரு சித்தப்பா, மாலை போட்ட இரண்டு தாத்தாக்கள். முப்பது முகம் அவர் வீட்டுப் பக்கம், முப்பது முகம் மச்சான் வீட்டுப் பக்கம்.

"அறுபது மூஞ்சியா?" என்றேன்.

"ஒண்ணு கொறஞ்சாலும் நான் ஊர்ல இருக்க முடியாதும்மா" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் தங்கை வீட்டுப் புதுமனைப் புகுவிழா. அதற்கும் இவர்தான் பேனர் போட்டாராம். மச்சானின் பெரியப்பா ஏழுமலை படம் விட்டுப்போய்விட்டது. பெரியவர் வாசலில் நின்று பேனரை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை பார்த்திருக்கிறார். அப்படியே திரும்பி நடந்தவர்தான், அன்றிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தங்கை அழாத நாள் இல்லை. இந்தக் காதுகுத்துக்கு மச்சான் போய்க் காலில் விழாத குறையாகக் கூப்பிட்டு, பெரியவரும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"வந்த உடனே பேனரத்தான் பாப்பாரு. அதுல அவரு தல மொத வரிசையில இருக்கணும். அவங்க ஆளு ஒருத்தரு கூடக் கொறையக் கூடாது, எங்க ஆளு ஒருத்தரு கூட அதிகமா இருக்கக் கூடாது."

அந்துவான் நாற்பது முகம் வரை வைத்துவிட்டார். நாற்பத்தொன்றாவது முகத்தை வைத்தபோது கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்குள் சிடி பிரிண்டிங் யூனிட்டுக்குப் போயாக வேண்டும்.

நான் மெமரியைப் போட்டேன். மூடியை மாட்டக்கூட இல்லை, பவரைத் தட்டினேன். கம்ப்யூட்டர் விழித்ததும் மெமரியை எண்ணியது: 768. கணக்குச் சரி.

"போன்" என்றார் அந்துவான்.

கலியபெருமாள் பதறிப்போய்ச் சட்டைப்பையில் இருந்து செல்போனை எடுத்துப் பார்த்தார். "அடிக்கலியே" என்றார்.

அந்துவான் பேனர் கோப்பைத் திறந்தார். திரையில் ஒரு கட்டம் வந்தது. இந்த வேலையைச் செய்யப் போதுமான மெமரி இல்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"இன்னாவாம்?" என்றார் கலியபெருமாள்.

"மெமரி பத்தலயாம்."

"இப்பதானம்மா போட்டீங்க?"

கழற்றித் திரும்ப மாட்டினேன். அதன் தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்துத் துடைத்தேன். இடம் மாற்றிப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் 768 என்று ஒழுங்காக எண்ணியது. ஒவ்வொரு தடவையும் பேனரைத் திறந்ததும் பத்தவில்லை என்றது. இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். கம்ப்யூட்டர் என்னிடம் இரண்டு விஷயம் சொல்கிறது. மெமரி முழுதாக வந்து சேர்ந்துவிட்டது என்பது ஒன்று, மெமரி போதவில்லை என்பது இன்னொன்று. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. இரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான்.

"டூப்ளிகேட் ஸ்டிக்" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். அவர்கள் முன்னாலேயே, எங்களுக்குப் பாகங்கள் சப்ளை செய்யும் ரஹீம் பாய்க்குப் போன் போட்டேன். "எத்தன வருஷமா உங்ககிட்ட வாங்கறோம் பாய்? எங்க தலையிலயே டூப்ளிகேட்ட கட்றீங்களா?" என்று ஆரம்பித்து, தெருவில் போகிறவர் நின்று பார்க்கும் அளவுக்குப் பேசினேன். நியாயமாகப் பார்த்தால், அந்தச் சத்தம் ரஹீம் பாய்க்காக இல்லை. இன்ஜினியர் பின்னால் வருவாரா என்று கேட்கக்கூடிய இரண்டு பேருக்காக.

ரஹீம் பாய், "கடைக்கு வாங்க மேடம், வேற தர்றேன்" என்று மட்டும் சொன்னார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். வேறொரு 512 ஸ்டிக்கை எடுத்து என் கையில் வைத்தார். பழையதையும் திரும்பக் கேட்கவில்லை. அதை நான் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது எனக்கு ஒரு யோசனை. புதியதை மட்டும் போடுவானேன்? மெமரி மாட்ட மூன்று இடம் இருக்கிறது. எல்லாவற்றையும் போட்டால் பத்தாமல் எங்கே போகும்? பழைய 256, அதோடு இரண்டு 512. மொத்தம் 1280. அந்த வட்டாரத்துக் கடைக்காரர்கள் யாரிடமும் அவ்வளவு மெமரி கிடையாது. பவரைத் தட்டினேன். 1280 என்று கம்பீரமாக எண்ணியது.

அந்துவான் வாயைத் திறந்தார். கலியபெருமாளின் கை சட்டைப்பைக்குப் போனது. ஆனால் அந்துவான் 'போன்' சொல்லவில்லை. திரை கறுப்பாகவே நின்றது. நடுவில் வெள்ளை எழுத்தில் ஒரு வாக்கியம்: இயங்குதளத்தைத் தொடங்கவே போதுமான மெமரி இல்லை.

முதலில் பேனர் மட்டும்தான் திறக்கவில்லை. இப்போது கம்ப்யூட்டரே திறக்கவில்லை.

கலியபெருமாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "காலைல கொஞ்சூண்டு இருந்திச்சு, நாப்பது பேர ஞாபகம் வச்சிக்கிச்சு. நீங்க ஒண்ணு போட்டீங்க, ஒருத்தரயும் ஞாபகம் இல்லன்னிச்சு. இன்னொண்ணு போட்டீங்க, இப்ப அது பேரே அதுக்கு ஞாபகம் இல்ல. ஏம்மா, எனக்கு அறுபது பேரு மூஞ்சியும், அவங்க யாரு யாருகிட்ட பேசமாட்டாங்கன்றதும் மனப்பாடம். இதுக்கு இன்னா கேடு?"

"பத்து நிமிஷம்ண்ணே" என்றேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்பதற்கு அன்றைக்கு நான் வைத்திருந்த பெயர் பத்து நிமிஷம். கம்ப்யூட்டர் விழிக்கும்போதே ஓடும் பயாஸ் அமைப்பை மாற்றினேன். டிஸ்பிளே கார்டைக் கழற்றி மாட்டினேன். மின்விசிறியைத் துடைத்தேன், அதற்கும் மெமரிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, ஆனால் கை சும்மா இருந்தால் பயமாக இருந்தது. மணி ஒன்றைத் தாண்டியது. மறுபடி பத்து நிமிஷம் கேட்டேன். இரண்டைத் தாண்டியது.

அப்போது கலியபெருமாளின் செல்போன் நிஜமாகவே அடித்தது. தங்கை. இவர் கேட்டுக்கொண்டே இருந்தார், முகம் தொங்கிக்கொண்டே போனது. வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க சித்தி மவன் பிரான்சுலேர்ந்து வந்துட்டானாம். லீவு கெடைக்காதுன்னு அவன விட்டுட்டேன். போட்டோ பையிலதான் கெடக்குது. அவனயும் வைக்கணும்."

"பத்து நிமிஷம்ண்ணே."

"இது மூணாவது பத்து நிமிஷம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வாட்ச்மேன் வேலையில் நேரம் குறித்துப் பழகியவர் குரலில், அமைதியாகச் சொன்னார். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் நாலு மணி நேரமாக என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதர் தன் தங்கை குடும்பத்தைக் காப்பாற்ற வந்திருக்கிறார்.

அந்துவான் என் பக்கமாகக் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "மேடம், தப்பா நெனைக்காதீங்க. காலைல எப்டி இருந்திச்சோ அப்டியே வச்சிக் குடுத்துருங்க."

பிள்ளைகளே, இந்தத் தொழிலில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை, நான் மாட்டியதை நானே கழற்றியதுதான். கூட ஏதாவது ஒன்றைப் போடுவது எளிது. முயற்சி செய்வது போல இருக்கும். கழற்றும்போதுதான் எல்லாருக்கும் தெரியும், வந்த வேலை நடக்கவில்லை என்று.

இரண்டு ஸ்டிக்கையும் கழற்றினேன். பழைய 256 மட்டும். பவரைத் தட்டினேன். கம்ப்யூட்டர் எதுவுமே நடக்காதது போல எழுந்து உட்கார்ந்தது. பேனர் திறந்தது. நாற்பது முகங்களும் எங்களைப் பார்த்துச் சிரித்தன, கண்ணை மூடிய சித்தப்பாவைத் தவிர.

"எனக்குத் தெரியலண்ணே" என்றேன். "ஏன் இப்டி ஆவுதுன்னு எனக்குத் தெரியல. தெரியலன்னு பதினோரு மணிக்கே சொல்லியிருக்கணும்."

கலியபெருமாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதுக்கு இன்னாம்மா பண்றது? எனக்கும் அந்தப் பெரியப்பாவ எப்டி விட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல" என்றார்.

தெரியாது என்று சொன்னதும் ஒரு விசித்திரம் நடந்தது. தலை இலேசாகிவிட்டது. அதுவரை, கம்ப்யூட்டருக்கு என்ன கோளாறு என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான், இவர்களுக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கத் தோன்றியது.

"மண்டப வாசல் எப்டி இருக்கும்ண்ணே? பேனர எங்க கட்டுவீங்க?"

"நடுவுல வாசலு. ரெண்டு பக்கமும் மதிலு. ஒரு பக்கம் கட்டிக்கலாம்."

"ரெண்டு பக்கமும் ஏன் கட்டக்கூடாது? நாப்பது மூஞ்சிதான் இந்த மிஷினு தாங்கும். உங்க வூடு ஒரு பேனரு, மச்சான் வூடு ஒரு பேனரு. தனித்தனியா பண்ணிட்டா இதே மெமரில ஓடிரும். இல்லியா அந்துவான் அண்ணே?"

அந்துவான் ஏற்கெனவே மவுஸைப் பிடித்துவிட்டார். "போன்" என்றார்.

கலியபெருமாள் இந்தத் தடவை சட்டைப்பையைத் தொடவில்லை. அவருக்கு வேறு கவலை வந்துவிட்டது. "இருங்க. வலப்பக்கம் யாருக்கு?"

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம்.

"எங்க ஆளுங்கள வலப்பக்கம் வச்சா பெரியப்பா முறுக்கிக்குவாரு. அவங்கள வச்சா எங்கம்மா சோறு திங்காது."

எனக்குக் கம்ப்யூட்டர் கோளாறாவது பரவாயில்லை என்று இருந்தது. அந்துவான் திரையில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "உங்க ஆளுங்களுக்கு, உள்ள போவும்போது நாமதான் வலப்பக்கம்னு சொல்லுங்க. அவங்களுக்கு, வெளிய வரும்போது நீங்கதான் வலப்பக்கம்னு சொல்லுங்க."

கலியபெருமாள் எழுந்து நின்று, வாசல் பக்கம் இரண்டு எட்டு நடந்து, திரும்பி இரண்டு எட்டு வந்து பார்த்தார். உதடு அசைந்தது. "சரியாத்தான் வருது" என்றார். அன்றைக்கு அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

நான் படங்களை ஸ்கேன் செய்து கொடுக்க, அந்துவான் வெட்டி ஒட்டினார். ஒரு சர்வீஸ் இன்ஜினியர் செய்யும் வேலை அது இல்லைதான். நாலு மணிக்கு இரண்டு பேனரும் முடிந்தன. கலியபெருமாள் எண்ணிச் சரிபார்த்தார். தன் வீட்டுப் பேனர்: முப்பத்தொன்று. மச்சான் வீட்டுப் பேனர்: முப்பது. பிரான்சில் இருந்து வந்த சித்தி மகன் கணக்கைக் கெடுத்துவிட்டார்.

"ஒரு ஆளு வேணும்" என்றார் கலியபெருமாள், நாற்காலியில் சரிந்தபடி. "மச்சான் வூட்டுப் பக்கம் பையில ஒருத்தரும் மிச்சமில்ல. அவங்க ஊருக்குப் போயி வாங்கிட்டு வர நேரமில்ல."

மேசை மேல் என் போட்டோ ஒட்டிய கடை அடையாள அட்டை கிடந்தது. குனிந்து வேலை செய்யும்போது இடிக்கிறது என்று கழற்றி வைத்திருந்தேன். மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம்.

"வேணாம்ண்ணே" என்றேன்.

"முப்பத்தொண்ணுல ஒண்ணும்மா. கடசி வரிசை, ஓரத்துல. யாரு பாக்கப் போறா? நாலு மணி நேரம் உக்காத்தி வச்சீங்களே."

அட்டையை ஸ்கேனரில் வைத்தேன். என் பெயர் மங்கையர்க்கரசி. இடம் போதாது என்று அந்துவான் 'மங்கை' என்று சுருக்கினார். மச்சான் பக்கம் என்பதால் பிள்ளைகளுக்கு அத்தை முறை. 'அத்தை மங்கை' என்று போட்டார். ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சிடியை நானே ஸ்கூட்டியில் கொண்டுபோய்ப் பிரிண்டிங் யூனிட்டில் கொடுத்தேன்.

மறுநாள் ஞாயிறு. போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் மனசு கேட்கவில்லை. வீராம்பட்டினத்துக்குப் போய், மண்டபத்துக்கு எதிரில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, மச்சான் வீட்டுப் பேனருக்கு அடியில் போய் நின்றேன். இரண்டு மதிலிலும் இரண்டு பேனர். ஓரத்தில் நான், அடையாள அட்டைக்காக விறைத்துப் போய் எடுத்த முகத்தோடு, பக்கத்தில் மாலை போட்ட தாத்தாவைவிடக் கடுமையாக இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் இறங்கினார். சந்தனத் தட்டோடு வாசலில் நின்ற கலியபெருமாள் அப்படியே உறைந்ததில் இருந்து, அவர்தான் ஏழுமலை பெரியப்பா என்று புரிந்தது. பெரியவர் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் பேனருக்கு வந்தார். முதல் வரிசையில் நடுவில் தன் படத்தைப் பார்த்தார். பிறகு விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார். எதிர் மதிலுக்குப் போய் அதையும் எண்ணினார். திரும்ப வந்து, மெல்ல நகர்ந்து, கடைசி வரிசை ஓரத்தில் வந்து நின்றார். பேனரில் இருந்த என்னைப் பார்த்தார். அடியில் நின்ற என்னைப் பார்த்தார்.

"நீ யாரு பொண்ணும்மா?"

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்ய வந்தவள் என்று சொன்னால் மூன்று வருஷச் சண்டை ஆறு வருஷம் ஆகும். வேறு என்ன சொன்னாலும் பொய். கலியபெருமாளின் கையில் சந்தனத் தட்டு சாய்ந்துகொண்டிருந்தது.

"சொல்லாத, சொல்லாத" என்றார் பெரியவர், என் வாய் திறக்கும் முன்பே. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார். "இந்த நெத்தி எங்க வூட்டு நெத்தி. எங்க சின்ன தாத்தா வழில, கடலூரு போனாங்களே, அவங்க வூட்டுப் பொண்ணுதான நீ? அப்பா எப்டிம்மா இருக்காரு?"

"நல்லா இருக்காருங்க" என்றேன்.

அது பொய் இல்லை. என் அப்பா அப்போது நன்றாகத்தான் இருந்தார்.

"கேட்டேன்னு சொல்லு" என்றவர், கலியபெருமாள் பக்கம் திரும்பினார். "பரவால்லடா. எங்களுக்கே மறந்துபோன ஆளுங்கள எல்லாம் தேடிப் புடிச்சிப் போட்டிருக்க" என்று அவர் தோளில் கையை வைத்து, உள்ளே நடந்தார். உள்ளேயிருந்து தங்கை ஓடி வந்தாள். பெரியவர் அவள் தலையில் கை வைத்தார். அவள் அழுதது எனக்கு வாசல் வரை கேட்டது. நான் கேசரி சாப்பிட்டுவிட்டு, இரண்டு பேர் என்னிடம் கடலூரைப் பற்றி விசாரிக்கும் முன் கிளம்பிவிட்டேன்.

கோளாறு என்னவென்று புதன்கிழமைதான் தெரிந்தது. எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் அந்தப் பிழைச் செய்தியை அப்படியே தட்டி, இணையத்தில் தேடித் தேடி, ஒரு பக்கத்தில் கண்டுபிடித்தேன். அந்தப் பழைய இயங்குதளத்தை எழுதியவர்கள், வீட்டுக் கம்ப்யூட்டரில் இவ்வளவு மெமரியை யாராவது போடுவார்கள் என்று நினைத்தே பார்க்கவில்லை. 512-ஐத் தாண்டிப் போட்டால் அது திக்குமுக்காடிவிடும். காலியான பெரிய பஸ்ஸில் ஏறியவன் எல்லா சீட்டிலும் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, பிறகு உட்கார இடமில்லை என்று படிக்கட்டில் தொங்குவது போல. துண்டை இத்தனை சீட்டுக்கு மேல் போடாதே என்று ஒரு கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். அந்துவான் கடைக்குப் போய் அந்த வரியை எழுதி, ஒரு ஸ்டிக்கைத் திரும்பப் போட்டேன். அறுபத்திரண்டு முகத்தையும் ஒரே கோப்பில் வைத்துத் திறந்து காட்டினார்.

மிச்சமிருந்தது ரஹீம் பாய். அவர் கடைக்குள் நுழைவதற்கு முன் ஸ்கூட்டியில் தெருவை இரண்டு தடவை சுற்றினேன். பிறகு போய், இரண்டாவது ஸ்டிக்கை அவர் மேசையில் வைத்தேன்.

"பாய், ரெண்டு ஸ்டிக்கும் நல்ல ஸ்டிக்தான். தப்பு என் மேல. நாலு பேரு முன்னால உங்கள அப்டிப் பேசினதுக்கு மன்னிச்சிக்குங்க" என்று சொல்லி, இயங்குதள விஷயத்தையும் அந்த ஒரு வரி விஷயத்தையும் சொன்னேன்.

அவர் முழுதும் கேட்டார். மேசையின் கீழ் டிராயரை இழுத்தார். உள்ளே ஏழு 512 ஸ்டிக். ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்டு போட்டு ஒரு துண்டுச் சீட்டு. எல்லாச் சீட்டிலும் பேனாவில் ஒரே வார்த்தை: டூப்ளிகேட்.

"இந்த மாசம் மட்டும் ஏழு பேரு திருப்பிட்டாங்க மேடம்" என்றார். "எல்லாரும் பெரிய பெரிய இன்ஜினியருங்க. நாளைக்கு சென்னைக்குத் திருப்பி அனுப்பறதா இருந்தேன். அங்க என் பேரு கெட்டுப்போயிருக்கும். யாரும் திரும்பி வந்து ஒரு வார்த்த சொல்லல."

அன்று மதியம் அவர் கடையில் ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, நானும் அவரும் அந்த ஏழையும் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தோம். ஒவ்வொன்றும் தேறத் தேற அவர் சீட்டைப் பிய்த்துக் குப்பைக்கூடையில் போட்டார். ஏழாவதும் ஓடியது.

ரஹீம் பாய் டீ வரவழைத்தார். ஒரு டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டு, டிராயரை மூடினார்.

"ஸ்டிக்கு ஏழும் பழுதில்ல மேடம்" என்றார். "பழுதான ஆளுங்க உங்களோட சேத்து எட்டு, அதுல ஒண்ணு ரெடியாயிடுச்சு."